ஒண்ணாங்கிளாஸுக்குச் சீமைப் படிப்பு

“ஒண்ணாங்கிளாஸ் பசங்களுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்குடுக்கிறதுக்கு எதுக்குப்பா சீமைக்குப் போவணும்?”

காஞ்சிபுரத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் கேட்டார். முடி வெட்டுகிறவர் கத்தரிக்கோலைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டார். எங்கள் சர்ச் பாதிரியார் அதையே இங்கிலீஷில் கேட்டார். டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்றால் புரிந்திருக்கும். வக்கீலுக்கு என்றால் மரியாதை கூடியிருக்கும். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதில் மேல்படிப்பு என்று ஒன்று இருக்கிறது, அதற்கு ஒரு பட்டமும் கொடுக்கிறார்கள், கப்பலேறிப் போய் அதைப் படிக்கப் போகிறேன் என்று சொன்னால் யாரும் நம்பவில்லை. வேறு எதற்கோதான் போகிறேன், வெளியே சொல்லக் கூச்சப்படுகிறேன் என்று சிலர் முடிவே கட்டிவிட்டார்கள்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. ஊரிலிருந்த ஒரு மிஷன் பள்ளியில் நான் ஆசிரியராக இருந்தேன். சொந்த ஊர் முசரவாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் மற்றவர்களின் வயலில் கூலி வேலை செய்தவர்கள். ஊரைத் தாண்டித் தள்ளியிருந்த எங்கள் தெருவில் கூரை போட்ட சர்ச் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை சர்ச், மற்ற நாட்களில் பள்ளிக்கூடம். அங்கே தொடங்கி, காஞ்சிபுரத்தில் ஹாஸ்டலில் தங்கி ஹைஸ்கூல் முடித்து, ஆசிரியர் பயிற்சி பெற்று, வேலை பார்த்துக்கொண்டே பி.ஏ.வும் பி.டி.யும் முடித்திருந்தேன். பி.டி. முடித்தவன் பெரிய வகுப்புக்குப் போக வேண்டும். ஆனால் ஒண்ணாம் வகுப்புக்கு ஆள் இல்லையென்று என்னை அங்கே தற்காலிகமாகப் போட்டார்கள். அந்தத் தற்காலிகம் நீண்டுகொண்டே போயிற்று. எனக்கும் அங்கிருந்து கிளம்ப மனம் வரவில்லை.

சீமையில் படிப்பதற்கான உதவித்தொகை பற்றிய அறிவிப்பு பள்ளி நோட்டீஸ் போர்டில் தொங்கியது. ஹைஸ்கூல் ஆசிரியர்கள் ஆவலாகப் போய்ப் பார்த்தார்கள். ‘தொடக்கக் கல்வி’ என்ற சொல்லைக் கண்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு திரும்பினார்கள். அதை முழுக்கப் படித்த ஒரே ஆள் என் மனைவி. அவள் அதே பள்ளியில் தையல் டீச்சர்.

“இது உங்களுக்குன்னே போட்ட மாதிரி இருக்குதுங்க” என்றாள்.

“கைக்குழந்தையை வச்சிக்கினு நீ எப்படித் தனியா இருப்பே?”

“நீங்க இருந்தா மட்டும் தூளி ஆட்டுறீங்களா? போய்ட்டு வாங்க.”

சென்னையில் நேர்முகத் தேர்வு. மூன்று வெள்ளைக்காரர்களும் ஒரு தமிழ் அதிகாரியும் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய வகுப்புக்குப் போகாமல் ஏன் இங்கேயே இருக்கிறீர்கள் என்று அதிகாரி கேட்டார். அதற்கு நான் பதில் எதுவும் தயார் செய்திருக்கவில்லை. மனதில் பட்டதைச் சொன்னேன்: “பெரிய வகுப்பில் பையன்கள் நான் சொன்னதையே திருப்பிச் சொல்கிறார்கள். ஒண்ணாம் வகுப்பில்தான் எனக்குப் பதில் தெரியாத கேள்வி வருகிறது. போன வாரம் ஒரு பிள்ளை, ‘ஞாயித்துக்கெழமை முடிஞ்சதும் அது எங்க சார் போவும்?’ என்று கேட்டது.” அதிகாரி அதை இங்கிலீஷில் பெயர்த்துச் சொன்னார். மூன்று பேரும் சிரித்தார்கள். பிறகு ஒருவர் மெதுவாக, “நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?” என்று கேட்டார். “அடுத்த வாரம் திரும்பி வரும், அப்போது கேட்போம் என்றேன்” என்றேன். எனக்கு இடம் கிடைத்ததற்கு அந்தப் பிள்ளைதான் காரணம் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

ஸ்காட்லாந்தில் ஒரு மில் ஊருக்குப் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஊரில் எல்லோருக்கும் அது லண்டன்தான். நானும் திருத்திப் பார்த்து அலுத்துப்போய் லண்டன் என்றே சொல்லத் தொடங்கினேன். குளிருக்குக் கோட்டு வேண்டும். மூர் மார்க்கெட்டில் பழைய மிலிட்டரி கோட்டு ஒன்று கிடைத்தது. அதைப் போட்டிருந்தவன் என்னைப்போல் இரண்டு பேர் அகலம் இருந்திருப்பான். மனைவி அதைப் பிரித்து, வெட்டி, உள்ளே துணி வைத்துத் தைத்தாள். சித்திரை வெயிலில் எனக்கு அதைப் போட்டுவிட்டு நிற்க வைத்து அளவு பார்த்தாள். வியர்வை ஆறாக ஓடியது. எதிர்வீட்டுக்காரர்கள் எல்லாம் வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

அம்மா கிராமத்திலிருந்து ஒரு பொட்டலத்தோடு வந்தாள். கருவாடு.

“அங்கல்லாம் இது கிடைக்காதுபா. வாய்க்கு ருசியா எதுவும் இருக்காதுன்னு சொல்றாங்கோ. பத்திரமா எடுத்துக்கினு போ.”

“கப்பல்ல நாறும்மா.”

“கடல்ல போற கப்பல்ல மீனு நாறாம இன்னா நாறும்?”

எடுத்துக்கொண்டு போனேன்.

நான் தங்கிய வீட்டுக்கார அம்மாள் கணவனை இழந்தவர், மரியாதை மிகுந்தவர். நான் போன மூன்றாம் நாள் கதவைத் தட்டி, “தவறாக நினைக்காதீர்கள், உங்கள் அறையில் எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதா?” என்று கேட்டார். நான் பொட்டலத்தைக் காட்டினேன். அவர் ஒரு துண்டை எடுத்து முகர்ந்தார், முகம் மலர்ந்தது. அந்த ஊர் கடற்கரை ஊர். மீனைப் புகை போட்டுக் காயவைத்துச் சாப்பிடுகிறவர்கள் அவர்கள். அன்று மாலை அடுப்பில் என் கருவாடும் அவருடைய மீனும் பக்கத்தில் பக்கத்தில் வெந்தன. அம்மாவுக்கு எழுதிய முதல் கடிதத்தில் இதைத்தான் எழுதினேன்.

படிப்பு பாதி பல்கலைக்கழகத்திலும் பாதி ஒரு தொடக்கப் பள்ளியிலும். பள்ளியில் தலைமையாசிரியை குள்ளமான, வேகமான அம்மாள். நரைத்த தலை, கழுத்தில் எப்போதும் ஒரு விசில். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கினார். நான் கறுப்பு என்பதற்காக இருக்கும் என்று நினைத்தேன். அது இல்லை. அந்தப் பள்ளியின் சின்ன வகுப்புகளில் அதுவரை ஓர் ஆண் பாடம் சொன்னதே கிடையாதாம். காஞ்சிபுரத்தில் ஒண்ணாம் வகுப்பில் மீசை வைத்த வாத்தியாரைப் பார்த்து யாரும் வியந்ததில்லை. மேல்படிப்பைத்தான் வியந்தார்கள். இங்கே மேல்படிப்பை யாரும் கண்டுகொள்ளவில்லை. மீசையைத்தான் வியந்தார்கள்.

பிள்ளைகளுக்கு டீச்சர் என்றால் ‘மிஸ்’தான். என்னையும் ‘மிஸ்’ என்றார்கள். தலைமையாசிரியை ‘சார்’ என்று சொல்லச் சொல்லித் திருத்தினார். “எஸ் மிஸ்” என்று அவருக்குப் பதில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, “மிஸ், பென்சில் உடைஞ்சு போச்சு” என்றார்கள். அந்த வருஷம் முழுக்க நான் மிஸ்ஸாகவே இருந்தேன்.

பேச்சு இன்னொரு பாடு. நான் இங்கிலீஷைப் புத்தகத்திலிருந்து கற்றவன். அந்த ஊர்ப் பிள்ளைகளின் வாயிலிருந்து வந்தது எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒன்று. முதல் வாரம் எனக்குப் புரிந்த ஒரே சொல் ‘பால்’. அதுவும் பள்ளியில் தினமும் கொடுக்கும் பால் புட்டி கண்ணெதிரே இருந்ததால். அவர்கள் என் இங்கிலீஷைக் கேட்டுச் சிரித்தார்கள். நான் அவர்கள் இங்கிலீஷைக் கேட்டு விழித்தேன்.

ஒரு நாள் வகுப்பிலிருந்த தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் விதவிதமான புட்டிகளில் தண்ணீர் ஊற்றி விளையாடுவதற்காக வைத்த தொட்டி. முன்பல் இரண்டும் விழுந்த, செம்பட்டை முடிச் சிறுமி ஒருத்தி என் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்தாள். சோப்புப் போட்டாள். தேய்த்தாள். புறங்கை, விரலிடுக்கு, மணிக்கட்டு என்று ஓர் இடம் விடாமல் தேய்த்தாள். பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு வகுப்பு முழுவதற்கும் அறிவித்தாள்: “போகல!”

தலைமையாசிரியை முகம் சிவந்துவிட்டது. ஓடிவந்து என்னிடம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிறுமியிடம், “எங்கள் ஊர்ச் சாயம் அம்மா, லேசில் போகாது” என்றேன். சிறுமி அதை ஒப்புக்கொண்டு, “நல்ல சாயம்” என்று சொல்லிவிட்டு அடுத்த புட்டியை எடுத்தாள்.

அன்று அறைக்கு நடந்து போகும்போதுதான் சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. என் சின்ன வயதில் கிராமத்துக் கடையில் வெல்லம் வாங்கப் போனால் கடைக்காரர் கை என் கைமேல் படாது. உயரத்திலிருந்து போடுவார், நான் இரண்டு கையையும் ஏந்திப் பிடிக்க வேண்டும். கீழே விழுந்தால் என் பாடு. அந்தக் கையைத்தான் இன்றைக்கு ஒரு குழந்தை இவ்வளவு நேரம் பிடித்துத் தேய்த்திருக்கிறது. சோப்பு வாசனை போகவே இல்லை. மனது நிறைவாக இருந்தது.

வாரத்தில் ஒரு நாள் ஹாலில் ரேடியோ வைப்பார்கள். ரேடியோவில் ஓர் அம்மாள் சொல்லச் சொல்ல, பியானோ வாசிக்க, பிள்ளைகள் மரமாக, காற்றாக, முயலாக ஆட வேண்டும். ஆசிரியரும் கூட ஆட வேண்டும் என்பது விதி. கோட்டும் டையும் போட்டுக்கொண்டு நான் மரமாக நின்றேன். காற்றடித்ததும் சாய்ந்தேன். நல்லவேளை, எங்கள் ஊர்க்காரர் யாரும் பக்கத்தில் இல்லை.

ஒரு வாரம் ரேடியோ அம்மாள், “இப்போது நாம் எல்லோரும் யானை. கனமான யானை! தொம் தொம் என்று மிதியுங்கள்!” என்றார். பிள்ளைகள் மிதித்ததில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. ஹாஸ்டலில் இருந்த வருஷங்களில் சின்ன காஞ்சிபுரத்துக் கோவில் யானையைத் தெருவில் தினமும் பார்த்தவன் நான். கோவிலுக்குள் போனதில்லை. ஆனால் யானை வெளியே வருமே! அது குளித்துவிட்டு வரும்போது பின்னாலேயே நடந்திருக்கிறேன். அவ்வளவு பெரிய உடம்பு நடப்பதற்குச் சத்தமே இருக்காது. மணி மட்டும்தான் கேட்கும். மணி இல்லையென்றால் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாலும் தெரியாது.

ரேடியோவை அணைத்தேன். “யானை தொம் தொம் என்று நடக்காது” என்றேன்.

“நீங்க பாத்திருக்கீங்களா மிஸ்?” என்று ஒரு பையன் சந்தேகமாகக் கேட்டான்.

“எங்கள் ஊரில் தெருவில் போகும்.”

கோட்டைக் கழற்றிவிட்டு நடந்து காட்டினேன். பாதத்தை மெத்தைமேல் வைப்பது போல வைத்து, உடம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்து, காதை ஓயாமல் விசிறி, நிற்கும்போதும் ஆடிக்கொண்டே. பாகன் சொன்னதும் முன்காலை மடித்துத் தூக்குவது, தும்பிக்கையால் முதுகில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது எல்லாம் செய்தேன். கொஞ்ச நேரத்தில் வகுப்பு முழுவதும் என் பின்னால் வரிசையாக, சத்தமில்லாமல், ஆடி ஆடி வந்துகொண்டிருந்தது. அந்தப் பள்ளியில் அவ்வளவு அமைதி வழக்கமில்லை. ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து தலைமையாசிரியை கதவைத் திறந்தார். நான் குனிந்து நின்று ஒரு கையைத் தும்பிக்கையாக ஆட்டிக்கொண்டிருந்தேன். அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வரிசையின் கடைசியில் சேர்ந்துகொண்டார். அதற்குப் பிறகு எந்த வகுப்பில் யானை வந்தாலும் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

பல்கலைக்கழகத்தில் எனக்கு வழிகாட்டிய பேராசிரியர் புகைக்குழாயை வாயிலிருந்து எடுக்காமல் பேசுகிறவர். “ஒரு குழந்தையை மட்டும் பாருங்கள். எதுவும் சொல்லித் தராதீர்கள், பாருங்கள்” என்பதுதான் அவர் தந்த முதல் வேலை. நான் அந்தச் செம்பட்டை முடிச் சிறுமியைப் பார்த்தேன். காலை முழுக்கத் தண்ணீரை ஒரு புட்டியிலிருந்து இன்னொரு புட்டிக்கு ஊற்றினாள். ‘விளையாடினாள், எதுவும் கற்கவில்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, “எதுவும் கற்கவில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார். மறுநாள் நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். உயரமான ஒல்லிப் புட்டித் தண்ணீர் அகலமான கிண்ணத்தில் அடங்குமா என்று அவள் ஒவ்வொரு தடவையும் பந்தயம் கட்டி ஊற்றுகிறாள். வழியும் என்று நினைத்தது வழியாமல் நின்றதும் கெக்கலித்துச் சிரிக்கிறாள். பக்கத்திலிருந்த பையனிடம் அதைச் சொல்லி வம்புக்கு இழுக்கிறாள். இத்தனையும் நாற்காலியிலிருந்து எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

தலைமையாசிரியையிடம் கற்றது வேறு. மழை இல்லாத நாளில் பிள்ளைகளைக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போவார். மீன் கடை போர்டு, ரொட்டிக் கடை போர்டு, பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் ஊர்ப் பெயர் என்று தினமும் பார்க்கிறவற்றைப் படிக்க வைப்பார். புத்தகம் அப்புறம்தான். நான் ஆய்வுக் கட்டுரையை அதைப் பற்றித்தான் எழுதினேன். எழுதி முடித்து, தேர்வுகளும் முடிந்து, கப்பலேறினேன்.

காஞ்சிபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மாலை போட்டார்கள். ‘லண்டன் வாத்தியார்’ என்று அன்றைக்கு வைத்த பேர் கடைசிவரை போகவில்லை. மனைவியின் பின்னால் புடவையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண் நின்றாள். நான் போகும்போது தவழ்ந்துகொண்டிருந்தவள், இப்போது நன்றாகப் பேசினாள். மிலிட்டரி கோட்டுக்காரன் கையை நீட்டியதும், “பூச்சாண்டி!” என்று வீறிட்டாள்.

வீட்டுக்குப் போனதும் கோட்டைக் கழற்றினேன். அப்போதும் வரவில்லை. சாவி கொடுத்தால் ஓடும் தகர வாத்து வாங்கி வந்திருந்தேன். அது ஓடியதும் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். பாட்டுப் பாடினேன். காதைப் பொத்திக்கொண்டாள்.

என் மனைவி வாசற்படியில் சாய்ந்து நின்று பார்த்தாள். “சின்னப் பசங்க படிப்புல பெரிய பட்டம் வாங்கிக்கினு வந்திருக்கீங்க. உங்க பொண்ணத் தூக்குங்க பாக்கலாம்” என்றாள்.

இரண்டு நாள் தோற்றேன். மூன்றாம் நாள்தான் பேராசிரியர் ஞாபகம் வந்தது. ஒரு வாளி, சொம்பு, டம்ளர், தேங்காய்ச் சிரட்டை எல்லாவற்றையும் கிணற்றடிக்கு எடுத்துக்கொண்டு போய்த் தரையில் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல், தண்ணீரை இதிலிருந்து அதில் ஊற்றிக்கொண்டிருந்தேன். கதவுக்குப் பின்னால் ஒரு கண் தெரிந்தது. அப்புறம் ஒரு கால். நான் திரும்பவில்லை. சிரட்டையில் தண்ணீர் வழிந்தது. “அய்ய, கொட்டுது” என்று பக்கத்தில் குரல் கேட்டது. டம்ளரை என் கையிலிருந்து பிடுங்கினாள். “இப்டி ஊத்தணும்” என்று ஊற்றிக் காட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு சொம்புத் தண்ணீரை என் தலையில் கவிழ்த்துவிட்டுச் சிரித்தாள். அப்படியே ஈரத்தோடு தூக்கிக்கொண்டேன். வாசற்படியில் நின்ற மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். கேட்டால் அடுப்புப் புகை என்றாள். அடுப்பை அப்போது பற்றவைக்கவே இல்லை.

பள்ளியை நடத்திய கரஸ்பாண்டென்ட் என்னைக் கூப்பிட்டு, ஹைஸ்கூலில் பெரிய வகுப்புகளுக்கு இங்கிலீஷ் எடுக்கச் சொன்னார். சீக்கிரம் உதவித் தலைமையாசிரியர் பதவியும் வரும் என்றார். ஒண்ணாம் வகுப்பே வேண்டும் என்றேன். நான் தமாஷ் செய்கிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

“ஏம்பா, சீமையில போய்ப் படிச்சுட்டு வந்து மறுபடியும் ஒண்ணாங்கிளாஸா? ஊரு இன்னா சொல்லும்? உன்னை நாங்க கௌரவப்படுத்தலன்னு இல்ல சொல்லும்?”

“ஐயா, நான் படிச்சதே அதுக்குத்தான்.”

வெகுநேரம் பேசிய பிறகு, ஒரு வருஷம் பார்க்கலாம் என்று அரைமனதாக ஒப்புக்கொண்டார். பள்ளியின் பின்பக்கத்துக் கீற்றுக் கொட்டகையைக் கொடுத்தார்.

வேகவதி ஆற்றிலிருந்து மணல் கொண்டுவந்து ஒரு மூலையில் கொட்டினேன். புளியங்கொட்டை, சோடா மூடி, தறி வீடுகளில் மிஞ்சும் கலர் கலரான பட்டு நூல் துண்டுகள் எல்லாம் சேர்ந்தன. எழுத்தை ‘அ’விலிருந்து தொடங்கவில்லை. ‘அ’ எழுத ஒரு குழந்தை எவ்வளவு வளைக்க வேண்டும், சுழிக்க வேண்டும்! ‘ப’வும் ‘ட’வும் குச்சியால் மணலில் நேர்க்கோடு போட்டாலே வந்துவிடும். ‘ட’வின் தலையில் பொட்டு வைத்தால் இன்னொரு எழுத்து, வால் வளைத்தால் இன்னொன்று. ‘ப’வும் இந்த இரண்டும் தெரிந்தால் காஞ்சிபுரத்துப் பிள்ளைக்குப் ‘பட்டு’ என்று படிக்க வந்துவிடும். அதைவிட நல்ல தொடக்கம் இந்த ஊரில் ஏது?

பிள்ளையார்பாளையத்திலிருந்து ஓர் அம்மா கோபமாக வந்தார். தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பம். மகளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருந்தார்.

“இன்னா சார் பள்ளிக்கூடம் இது? சேத்து இம்மா நாளாச்சு, ஆனா ஆவன்னா சொல்லுன்னா முழிக்குது. மண்ணுல விளையாடுனோம், கொட்டை எண்ணுனோம்னு சொல்லுது. வூட்டுல தார் சுத்துனாலாவது ஒத்தாசையா இருக்கும்.”

நூலைச் சின்னக் குழலில் சுற்றுவதைத்தான் தார் சுற்றுவது என்பார்கள். தறி வீட்டுப் பிள்ளைகளுக்கு வரும் முதல் வேலை அது.

“தீபாவளி வரைக்கும் பொறுத்துக்குங்கம்மா. அப்பவும் பிடிக்கலன்னா கூட்டிக்கினு போங்க.”

அவர் மகளைத் தெலுங்கில் ஏதோ அதட்டினார். “தீவாளி வரைக்கும்தான்” என்று என்னை எச்சரித்துவிட்டுப் போனார்.

அந்த வாரமே வகுப்பைக் காந்தி ரோடுக்கு நடத்திக்கொண்டு போனேன். பட்டுக் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. முதல் கடையில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது கடை வாசலில் ஒரு பிள்ளை போர்டைக் காட்டி, “சார், நம்ம பொட்டு வச்ச ட!” என்று கத்தியது. அவ்வளவுதான். “பட்டு! பட்டு!” என்று வகுப்பே கூவத் தொடங்கியது. அந்த வருஷங்களில் மாணவர் ஊர்வலம் என்றால் கடைக்காரர்களுக்குக் கிலி. ஒருவர் அவசரமாகக் கதவை இழுத்துச் சாத்தினார். பிறகு இடுக்கு வழியாக எட்டிப் பார்த்து, முழங்கால் உயரத்துக்கு மேல் ஊர்வலத்தில் யாரும் இல்லை என்று தெரிந்துகொண்டு திறந்தார்.

“இன்னா சார், இதுங்களுக்கு இன்னா கோரிக்கை?” என்றார்.

“போர்டு படிக்கணுமாம்” என்றேன். எல்லோருக்கும் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்.

தீபாவளிக்கு முன்னாலேயே அந்த அம்மா மறுபடி வந்தார். இந்தத் தடவையும் புகார்தான்.

“சார், இவள வச்சிக்கினு தெருவுல நடக்க முடியல. ஒவ்வொரு கடையா நின்னு போர்டைப் பாத்து ‘பட்டு, பட்டு’ன்னு படிக்குது. இழுத்தா வர மாட்டேங்குது. கடைக்குப் போய்ட்டு வூடு திரும்பறதுக்குள்ள உலை வைக்கிற நேரம் போய்டுது.”

“சரியாப் படிக்குதாம்மா?”

அவர் கொஞ்சம் யோசித்தார். குரல் இறங்கியது. “நானும் நின்னு பாத்தேன் சார். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனா அது காட்டுற எடத்துல எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்குது. அப்ப சரிதானே?”

“சரிதாம்மா.”

“தெனம் அதைத்தான் நெய்யறோம். இப்டித்தான் இருக்கும்னு தெரியாது” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். மகளின் தலையைத் தடவினார். பிறகு, “அந்த ‘அ’வையும் எப்பவாவது சொல்லிக் குடுத்துடுங்க சார், வூட்டுக்காரர் கேக்குறாரு” என்றார். ‘அ’ பொங்கலுக்குள் வந்துவிட்டது, மற்ற எழுத்துகளும் வந்தன.

அடுத்த ஜூனில் சேர்க்கைக்கு வந்தவர்கள், “சீமை கிளாஸ்ல எடம் இருக்குதா?” என்று கேட்டார்கள். கரஸ்பாண்டென்ட் என்னை ஹைஸ்கூலுக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார். அடுத்த கொட்டகையில் ஒண்ணாம் வகுப்பின் இன்னொரு பிரிவை எடுத்த டீச்சர் என்னைவிட மூத்தவர். மணலைப் பார்த்து முதலில் முகம் சுளித்தவர் அவர். அவரே ஒரு நாள் வந்து, “தம்பி, எனக்கும் ஒரு வண்டி மணலுக்குச் சொல்லுப்பா” என்றார்.

பட்டச் சான்றிதழ் வந்து சேரத் தாமதமாயிற்று. வரும்போது உருண்டைக் குழாயில், கனமான தாளில், சிவப்பு முத்திரையோடு வந்தது. அதைப் பார்க்கவென்றே அம்மா கிராமத்திலிருந்து வந்திருந்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு தாளைத் தடவிப் பார்த்தாள்.

“படிடா, கேப்போம்” என்றாள்.

பிரித்துப் பார்த்தேன். முழுக்க லத்தீன். என் பெயரைத் தவிர ஒரு சொல்லும் விளங்கவில்லை.

“எனக்கும் தெரியலம்மா. இது வேற பாஷை.”

அம்மா என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். “படிச்சுட்டு வந்தவனுக்குப் படிக்கத் தெரியாத பட்டத்தை எதுக்குடா குடுத்தாங்கோ?”

மனைவி சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்தாள். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் மகளும் சேர்ந்துகொண்டாள். அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்று மாலையே பாதிரியாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு சொற்களைக் கண்டுபிடித்தார். மூன்றாவதில் நின்றுவிட்டார். முத்திரை நன்றாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மனைவி அதற்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். மறுநாள் திங்கட்கிழமை. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அழுதுகொண்டு வந்திருப்பார்கள். நான் சீக்கிரமே கிளம்பினேன்.